சிம்கோ ஏரிக்குச் சுமை குறைத்துப் போங்கள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். 404 பெருந்தெருவில் வடக்கே ஏறினால் ஒரு மணித்தியாலமளவில் சிம்கோ ஏரியின் குக்ஸ் குடாக் கரை வந்துவிடும். தை, மாசி மாதங்களில் அந்த ஐஸின் மேல் ஒரு சின்ன ஊரே குடியிருக்கும். குடில் வாடகைக்கு விடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். காசைக் கட்டினால் வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய், துளை போட்டு, சூடாக்கிய குடிலுக்குள் உங்களை இருத்திவிடுவார்கள். முதல் தரம் போகிறவர்கள் அப்படிப் போவதுதான் நல்லது. அதற்குப் பிறகு, தன் சாமானைத் தானே இழுத்துக்கொண்டு கரையிலிருந்து நடந்துபோக ஆசைப்படுகிறவர்களுக்கே நான் இங்கே சொல்வது.

முதுகு நோகும் என்பதற்காகச் சுமையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஐஸின் மேல் பாரம் வேறு கெடுதல் செய்யும். பாரம் இழுத்தவனுக்கு வியர்க்கும். வியர்த்தவன் ஓரிடத்தில் இருந்ததும் விறைத்துப்போவான். களைத்தவனுக்குக் காலடியில் கவனம் இராது. எல்லாவற்றிலும் பொல்லாதது இன்னொன்று. முக்கால் மணித்தியாலம் இழுபட்டுப் போனவனுக்கு, முன்னாலுள்ள ஐஸ் சரியில்லை என்று கண்ணால் கண்டாலும் திரும்ப மனம் வராது. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று கால் முன்னுக்கே போகும். அந்த எண்ணத்துக்கு இடம்கொடுக்காத சுமையைத்தான் நீங்கள் கட்டவேண்டும்.

1. எதைக் குறைக்கக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சுமை குறைக்கும் ஆசையில் உயிர்காக்கும் சாமானில் கைவைக்காதீர்கள். ஐஸ் குத்தூசிகள் இரண்டு, கயிற்றில் கோத்து, ஜக்கெற்றுக்கு வெளியே கழுத்தில் தொங்கவேண்டும். பையிலோ சாமான் இழுக்கும் ஸ்லெட்டிலோ வைத்தால் அவை இருந்தும் இல்லாததுதான். தண்ணீருக்குள் விழுந்தவனின் கை ஈர ஐஸைப் பற்றாது, வழுக்கும். குத்தூசி மட்டும்தான் பற்றும். இரண்டும் சேர்ந்து 200 கிராம்கூட வராது.

மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீரில் உடம்புக்கு நடப்பதை 1, 10, 1 என்ற கணக்கில் சொல்லிக்கொடுப்பார். மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். ஆனபடியால் விழுந்தவுடன் பதறி அடித்துக்கொண்டு ஏற முயலவேண்டாம்; முதலில் மூச்சு அடங்கட்டும். பிறகு, வந்த திசைக்குத் திரும்புங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்து ஐஸ்தான் உங்களை அதுவரை தாங்கியது. கால்களை நீச்சல் அடிப்பதுபோல் பின்னால் உதைத்து, குத்தூசியை ஊன்றி, வயிற்றால் வழுகி மேலே வாருங்கள். வந்ததும் எழும்பி நிற்காமல் உருண்டு விலகுங்கள். இதை வீட்டுத் தரையில் படுத்து ஒருதரம் செய்து பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது, ஐஸைக் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பி. எங்கள் ஊர் அலவாங்கின் தம்பி என்று சொல்லலாம். நுனி உளிபோல் இருக்கும். கொண்டுபோகும் சாமானில் மனம் நோகும் பாரம் இதுதான், இரண்டு மூன்று கிலோ வரும். விட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசை வரும். விடாதீர்கள். நடக்கும்போது முன்னால் ஓங்கிக் குத்துங்கள். ஒரே குத்தில் நுனி தண்ணீரைத் தொட்டால், நின்ற இடத்திலிருந்து வந்த அடியிலேயே திரும்புங்கள்.

இவற்றோடு மிதக்கும் கயிறு 15 மீற்றர், ஒரு விசில், சப்பாத்தில் மாட்டும் முள்பட்டை. மிதக்கும் உடுப்பு வாங்க வசதி இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மேல். விலை கட்டாவிட்டால், கோடையில் படகுக்குப் போடும் உயிர்காப்பு அங்கியை ஜக்கெற்றின் மேல் போடுங்கள்.

2. ஐஸின் தடிப்பைத் தெரிந்துகொண்டு சாமான் கட்டுங்கள்.

தெளிந்த, நீலநிறமான புது ஐஸ் 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவான கணக்கு. கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்று சொல்லும். புதியவர்கள் 15ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். பனி விழுந்து ஊறி உறைந்த வெள்ளை ஐஸுக்கு நீல ஐஸின் பாதிப் பலம்தான். அதற்குத் தடிப்பு இரட்டிப்பாக வேண்டும். சாம்பல் நிறம் கண்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள், அதில் கால்வைக்கக் கூடாது.

சிம்கோ ஒரே ஏரி என்றாலும் எல்லா இடமும் ஒரே நாளில் உறைவதில்லை. தெற்கேயுள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, ஆகவே முதலில் உறையும். பரி நகரத்துப் பக்கத்துக் கெம்பன்ஃபெல்ற் குடா 40 மீற்றருக்கு மேல் ஆழம். அந்தத் தண்ணீர் தன் சூட்டை விட நாளெடுக்கும். குக்ஸ் குடாவில் ஆட்கள் மீன்பிடித்துக்கொண்டிருக்கும்போது கெம்பன்ஃபெல்ற்றில் அலை அடிக்கலாம். ஹொலண்ட் ஆறு வந்து விழும் இடத்திலும், ஏரித் தண்ணீர் கூச்சிசிங் ஏரிக்கு ஓடிப்போகும் அதர்லி நீரிணைப் பக்கத்திலும் நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து அரிக்கும். படகுத்துறைகளில் மரத்தூண் காக்கக் காற்றுக்குமிழி விடுவார்கள். அதைச் சுற்றியும் மெல்லிய ஐஸ்தான். பெருங்காற்று அடித்த மறுநாள் நடு ஏரியில் வெடிப்புத் திறக்கும். காலையில் கடந்த வெடிப்பு பின்னேரம் அகன்றிருக்கவும் கூடும்.

அந்த அதர்லி நீரிணையில், முதற்குடி மக்கள் மரத்தடிகளை ஊன்றி மீனை மறித்த மின்ஜிக்கானிங் மீன்தடுப்பு 5000 ஆண்டுக்கு முற்பட்டது. அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகக் கனடா அறிவித்திருக்கிறது. அவ்வளவு காலம் மீனும் மனிதரும் பழகிய தண்ணீருக்கு நாங்கள் போகிறோம். கொஞ்சம் மரியாதையோடு போகவேண்டும்.

3. எந்த மீன் என்று வீட்டிலேயே முடிவெடுங்கள்.

சுமை பெருகுவதற்கு முதற்காரணம் முடிவெடுக்காமைதான். பேர்ச்சும் வேண்டும், வைற்ஃபிஷும் வேண்டும், பெரிய ட்ரவுட் வந்தால் அதுவும் வேண்டும் என்று புறப்பட்டால் மூன்று வகைத் தடி, ஐஸ் துளைக்கும் ஓகர் இரண்டு அளவில், பெட்டி நிறையத் தூண்டில் என்று போகும். புதியவர்களுக்கு மஞ்சள் பேர்ச் ஒன்றே போதும். குக்ஸ் குடாவில் கரைக்குக் கிட்ட, சில மீற்றர் ஆழத்திலேயே கூட்டமாக வரும். தூரம் நடக்கத் தேவையில்லை. கறிக்கும் பொரியலுக்கும் அதன் சதையை மிஞ்ச இந்த ஏரியில் மீனில்லை என்பது என் நாக்கு சொல்லும் தீர்ப்பு. வைற்ஃபிஷ், ட்ரவுட் தேடுகிறவர்கள் 20, 30 மீற்றர் ஆழத்துக்கு, நடு ஏரிப் பக்கம் போகவேண்டும். அது இரண்டாம், மூன்றாம் மாரிக்கு இருக்கட்டும்.

4. ஓகர் ஆறு அங்குலம் போதும்.

ஐஸ் துளைக்கும் ஓகரில்தான் ஆகக்கூடிய பாரத்தைக் குறைக்கலாம். பெற்றோல் இயந்திரம் பூட்டியது 12 கிலோவுக்கு மேல் வரும், எரிபொருளும் வேறு. கையால் சுற்றும் 6 அங்குல ஓகர் 3 கிலோ அளவு. வீட்டில் நல்ல கம்பியில்லாத் துளைகருவி இருந்தால், அதில் பூட்டும் இலேசான ஓகரும் கிடைக்கிறது.

8 அங்குலம் வாங்கினால் என்ன, இரண்டு அங்குலம்தானே கூட என்று கேட்பீர்கள். துளையின் பரப்பைக் கணக்குப் பாருங்கள்: 36க்கு 64. ஒவ்வொரு துளைக்கும் ஏறக்குறைய 1.8 மடங்கு ஐஸை நீங்கள் அரிந்து வெளியே எடுக்கவேண்டும். பேர்ச்சுக்கு அந்த அகலம் தேவையே இல்லை. கையால் துளைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பத்தாவது துளையில் தெரியும். பேர்ச் பிடிக்கிறவர் பல துளை போட்டு, மீன் இருக்கும் துளையைத் தேடி நடக்கவேண்டியவர். ஒரு துளையில் குந்திக்கொண்டிருப்பவருக்கு மீன் தற்செயலாகத்தான் வரும்.

ஓகரின் அலகு மழுங்கியிருந்தால் எவ்வளவு இலேசான ஓகரும் பாரம்தான். அலகுக்கு உறை போட்டுக் கொண்டுபோங்கள். துளைத்து முடிந்ததும் தண்ணீரை உதறி உறையை மாட்டுங்கள். ஈர அலகைச் சீமெந்துத் தரையில் ஊன்றக் கூடாது.

5. வியர்க்காமல் நடக்கப் பழகுங்கள்.

இதை ஆறுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எங்களவர்கள் கூடப் பிழைவிடுகிறார்கள். குளிருக்குப் பயந்து வீட்டிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, காரிலும் சூட்டைக் கூட்டிவிட்டு, கரையில் இறங்கி, அப்படியே ஸ்லெட்டை இழுக்கத் தொடங்குவார்கள். கால் மணித்தியாலத்தில் உள்ளுடுப்பு நனைந்துவிடும். பிறகு துளைக்கு முன்னால் அசையாமல் இருக்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். அப்போது எவ்வளவு தடித்த ஜக்கெற் போட்டும் பிரயோசனமில்லை.

நடக்கும்போது கொஞ்சம் குளிரவேண்டும். காரால் இறங்கி முதல் ஐந்து நிமிடம் குளிர்ந்தால் உடுப்பு சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த ஜக்கெற் ஸ்லெட்டில் கட்டியிருக்கட்டும். உயிர்காப்பு அங்கியும் குத்தூசியும் மட்டும் எப்போதும் உடம்பில். போய்ச் சேர்ந்து, துளைகளையும் போட்டு முடித்து, இருக்கப்போகும்போது ஜக்கெற்றைப் போடுங்கள்.

உடம்போடு ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி நனைந்தால் காயாது, சூடும் தராது. மெரினோக் கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளுடுப்பு, அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் காற்றுப் புகாத ஒன்று. நாலாவதாகத் தடித்த ஜக்கெற். இந்த நாலும் முறையாக இருந்தால் ஐந்தாவது தேவையில்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருகிறவரைக் கரையிலேயே திருப்பி அனுப்புங்கள்.

காலுக்கு: உள்ளுறை கழற்றக்கூடிய சப்பாத்து, ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை. சூடு கூடும் என்று இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் இரத்தம் ஓடாது, விரல்தான் முதலில் மரத்துப்போகும். கைக்கு: மெல்லிய கையுறை இரண்டு சோடி, அவற்றின் மேல் போட விரல் பிரியாத பெரிய உறை ஒரு சோடி. மெல்லியது கட்டாயம் நனையும், அதனால்தான் இரண்டு. உதிரியாகக் கொண்டுபோகும் உடுப்பில் ஐஸுக்கு வருவது கையுறையும் காலுறையும்தான், நீர்புகாப் பைக்குள். மாற்றுடுப்பு முழுத்தொகுதி காரில் இருக்கட்டும்.

6. தடி இரண்டு, பெட்டி ஒன்று.

பேர்ச்சுக்கு 24 முதல் 28 அங்குல இலேசான தடி, 4 இறாத்தல் தங்கூசி. ஒன்று முறிந்தால் மற்றது. இரண்டையும் வீட்டில் வைத்தே முடிச்சுப் போட்டு, தூண்டிலும் கட்டி ஆயத்தமாகக் கொண்டுபோங்கள். விறைத்த விரலால் 4 இறாத்தல் தங்கூசியில் முடிச்சுப் போட முயன்று அரைநாளைத் தொலைக்கவேண்டாம்.

தூண்டில் பெட்டி உள்ளங்கையளவு. கோடையில் கொண்டுபோகும் பெரிய பெட்டியை வீட்டில் பூட்டிவையுங்கள். டங்ஸ்டன் குண்டு பொருத்திய தூண்டில், அதாவது ஜிக், சில எடுங்கள். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியான உலோகம். அதே பாரம் சின்ன உருவில் கிடைப்பதால் சிறு வாய்க்கும் பொருந்தும், அடிக்கும் விரைவாய் இறங்கும். ஈயம் நீருக்கும் பறவைக்கும் நஞ்சு என்பதும் இன்னொரு காரணம். கூடவே ஒரு குறடு, நகவெட்டி ஒன்று, தூண்டிலில் கொளுவி ஆழம் பார்க்கும் ஈயமில்லாத குண்டு ஒன்று. துளையில் மிதக்கும் ஐஸ்துண்டை அள்ளச் சமையலறைக் கண்ணகப்பையே போதும். பிளாஸ்ரிக் கண்ணகப்பை என்றால் ஐஸ் குறைவாய் ஒட்டும்.

7. வாளிதான் உங்கள் பெட்டி, கதிரை, மீன்கூடை.

20 லீற்றர் பிளாஸ்ரிக் வாளி ஒன்று. போகும்போது சாமான் அதற்குள். அங்கே மூடியின் மேல் ஒரு நுரைத்தட்டைப் போட்டு இருக்கலாம். வரும்போது மீன் அதற்குள். மடக்குக் கதிரை, மீனுக்குத் தனிப்பெட்டி, சாமானுக்குத் தனிப்பை என்று மூன்றை இது மிச்சம்பிடிக்கும். நுரைத்தட்டை இன்னொன்று வெட்டி, முழங்கால் ஊன்றவும் காலுக்குக் கீழே போடவும் எடுங்கள். பாரமே இல்லாத சாமான், ஆனால் ஐஸிலிருந்து ஏறும் குளிரைப் பாதிக்குமேல் தடுப்பது அதுதான் என்பேன்.

ஸ்லெட் சின்னதாக வாங்குங்கள். பெரிய ஸ்லெட்டில் இடம் மிஞ்சினால் அந்த இடத்தை நிரப்ப ஏதாவது சாமான் தானாக வந்து ஏறும். கயிற்றைக் கையால் பிடித்து இழுக்காமல் இடுப்புப்பட்டியில் கொளுவுங்கள். கை இரண்டும் கம்பிக்கு வேண்டும். கொளுக்கி ஒரு இழுப்பில் கழலக்கூடியதாக இருக்கவேண்டும். நீங்கள் விழுந்தால் ஸ்லெட்டும், ஸ்லெட் விழுந்தால் நீங்களும் ஒன்றையொன்று இழுக்கக்கூடாது. பாரமானதை ஸ்லெட்டின் பின்பாதியில், அடியில் வைத்துக் கட்டுங்கள். மூக்குப் பனியில் புதையாமல் மேலே நிற்கும்.

8. கூடாரமும் அடுப்பும்: முதல் மாரியில் வேண்டாம்.

இரண்டு பேர் கூடாரம் 10 கிலோ அளவு வரும். அதற்கு ஆணி, சூடாக்கி, வாயு உருளை. இவை சேர்ந்தவுடன் சுமை இரட்டிப்பாகிவிடும். அதற்குமேல், கூடாரம் அடித்தவர் துளை மாற மாட்டார். காற்று மெதுவான, வெயில் அடிக்கும் நாளைப் பார்த்துப் போங்கள். ஸ்லெட்டைச் சரித்து நிமிர்த்தி, காற்றுக்கு முதுகு கொடுத்து இருங்கள். கனடா சுற்றுச்சூழல் அமைச்சின் அளவுப்படி காற்றுக்குளிர் சுட்டெண் கழித்தல் 28க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையும். அப்படி அறிவித்த நாளில் வீட்டில் நில்லுங்கள்.

கூடாரம் வேண்டியவர்கள் இரண்டு விடயம் அறிந்து வாங்குங்கள். ஒன்று, ஒன்ராறியோவில் துணிக் கூடாரத்தின் அடிப்பரப்பு 7 சதுர மீற்றருக்குள் இருந்தால் அதைக் குடிலாகப் பதிவு செய்து இலக்கம் ஒட்டத் தேவையில்லை. மற்றது, உள்ளே வாயு எரித்தால் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு காற்றுவழி எப்போதும் திறந்திருக்கவேண்டும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, நித்திரைத் தூக்கம் என்று அது வரும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்று விளங்காது. பற்றரியில் வேலைசெய்யும் சிறு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கூடாரச் சுவரில் தொங்கவிடுங்கள்.

அடுப்புப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் விருந்துக்கு மேசையில் வைத்துச் சமைக்கும் நீட்டு உருளைக் காஸ் அடுப்பை இலேசாக இருக்கிறதே என்று ஏரிக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் இருப்பது பியூற்றேன். அது கழித்தல் அரைப் பாகையிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். கழித்தல் 10இல் அந்த உருளை வெறும் இரும்புத்தான். புரொப்பேன் கழித்தல் 42 பாகைவரை ஆவியாகும்; எரிக்கத்தான் வேண்டுமென்றால் அது.

9. பற்றரியை உடம்புச் சூட்டில் வையுங்கள்.

குளிரில் பற்றரியின் பலம் குறையும். கைத்தொலைபேசி உள்ளுடுப்புப் பையில், நீர்புகாத உறைக்குள் இருக்கட்டும். துளைகருவிப் பற்றரியும் நடக்கும்போது ஜக்கெற்றுக்குள்தான். மீன் காட்டும் கருவி வைத்திருப்பவர்கள் பழைய ஈய அமிலப் பற்றரியை மாற்றி லிதியம் பூட்டினால் பாரம் பாதிக்குமேல் குறையும். புதியவர்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை. ஆழக்குண்டும் பொறுமையும் போதும். நெற்றிவிளக்கு மட்டும் கட்டாயம். மார்கழி, தையில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுதுபட்டுவிடும். பனிப்புயல் வந்தால் கரை மறைந்துபோகும், ஆகவே ஒரு திசைகாட்டியும் எடுங்கள். கரையிலிருந்து புறப்படும்போதே எந்தத் திசையில் நடக்கிறீர்கள் என்று பார்த்து மனதில் பதியுங்கள்.

10. சாப்பாடு.

எண்ணெய்ச் சத்துள்ள, கையுறையோடு தின்னக்கூடிய சாப்பாடு. தேங்காய்ப்பூ போட்ட றொட்டியும் கட்டைச் சம்பலும் நான் கண்டதில் நல்லது, உறைந்தாலும் கடிக்கலாம். சோறு வேண்டாம், கல்லாகிவிடும். இஞ்சித் தேத்தண்ணி ஒரு பிளாஸ்க். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் கட்டும், அப்போது மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். மதுபானம் கொண்டுபோகாதீர்கள். தோலுக்குச் சூடாய்ப்படும், ஆனால் உடம்பின் உள்சூட்டை அது வெளியே விட்டுவிடும்.

11. பங்கிட்டுச் சுமவுங்கள்.

தனியே போகவே கூடாது. இரண்டு பேர் போனால் ஓகர் ஒன்று, கண்ணகப்பை ஒன்று, பிளாஸ்க் ஒன்று போதும். குத்தூசி, விசில், கயிறு ஆளுக்கொன்று. அவற்றைப் பங்கிட முடியாது. நடக்கும்போது பத்து மீற்றர் இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராய்ப் போங்கள். கம்பி முன்னால் போகிறவரிடம்.

இப்படிக் கட்டினால் ஒருவர் பங்கு இரும்புக் கம்பியோடு சேர்த்து 12 கிலோவுக்குள் அடங்கும். முதல்நாள் இரவு குளியலறைத் தராசில் ஸ்லெட்டை நிறுத்துப் பாருங்கள். கூடினால், இது இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு வந்துசேர மாட்டேனா, மீன் பிடிக்க மாட்டேனா என்ற இரண்டே கேள்வியை ஒவ்வொரு சாமானிடமும் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று வருவதை வெளியே எடுங்கள். ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்து, தொடாத சாமான்களைத் தனியே வையுங்கள், முதலாவதில் சொன்னவற்றைத் தவிர. குத்தூசியை ஒருநாளும் தொடாமல் விட்டிருந்தால் கடவுளுக்கு நன்றி சொல்லி மறுபடியும் கழுத்தில் மாட்டுங்கள்.

12. சட்டமும் திரும்பிவருதலும்.

18 வயது முதல் 64 வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி அனுமதியும் வெளிப்புற அட்டையும் வேண்டும். கனடாவில் வதிகிறவர்கள் அந்த வயதுக்கு வெளியே என்றால் அடையாள அட்டை போதும். மாசியில் வரும் குடும்ப தின வார இறுதியில் கனடா வாசிகள் அனுமதிப் பத்திரம் வாங்காமலே பிடிக்கலாம். ஆனால் எத்தனை பிடிக்கலாம், எது பிடிக்கலாம் என்ற விதிகள் அன்றைக்கும் உண்டு. ஐஸில் தூண்டில் போட்டால் அதிலிருந்து 60 மீற்றருக்குள், கண்ணுக்குத் தெரியும்படி நிற்கவேண்டும். ஏரிக்கு ஏரி விதி மாறும், ஆகவே மாகாணத்தின் அந்த ஆண்டு விதித்தொகுப்பைப் புறப்பட முன் பாருங்கள்.

மிஞ்சிய உயிர் இரையையும் அந்தத் தண்ணீரையும் ஏரியிலோ ஏரிக்கு 30 மீற்றருக்குள்ளோ ஊற்றுவது குற்றம். வேறிடத்து மீனும் நோயும் அப்படித்தான் ஏரிக்குள் புகுகின்றன. தங்கூசித் துண்டு, றொட்டி சுற்றிய தாள், தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் வாளிக்குள் திரும்பவேண்டும். ஐஸின் மேல் விட்டது பங்குனியில் ஏரிக்குள் போகும். நீங்கள் விட்டுப்போகும் துளையில் ஒரு மரக்கிளையை நட்டுவிடுங்கள். இரவில் மெல்லியதாய் மூடி, பனியும் மறைத்தால் இன்னொருவர் கால் அதில் போகும்.

எந்தக் கரையால் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள். காரில் ஏறியதும் முதலில் அவரை அழைத்துக் கரைக்கு வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து மீனைச் சுத்தம் செய்யத் தொடங்குமுன் சப்பாத்தின் உள்ளுறையைக் கழற்றிக் காயவையுங்கள். கயிற்றை அவிழ்த்துத் தொங்கவிடுங்கள். ஓகர் அலகைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.